33 இஞ்சி டயர் போட்ட ஹைலக்ஸுக்கு டிபரன்சியல் ரேஷியோ 4.56 ஆ, 4.88 ஆ?

நம்மட திருகோணமலையில லிப்ட் அடிச்ச டபுள் கேப் பிக்கப் கூடிப்போச்சு. உப்புவெளியால நிலாவெளிப் பக்கம் ஒரு ஞாயித்துக்கிழமை பின்னேரம் போனா வரிசையா நிக்கும், எல்லாம் ரெண்டு மூண்டு இஞ்சி தூக்கி, 33 இஞ்சி டயர் போட்டு, முன்னுக்கு இரும்பு பம்பர், மேல ஒரு நீட்டு லைட். பாக்க வடிவுதான், அதில ஒரு குறையும் இல்லை. ஆனா சொந்தக்காரரோட ஒரு பிளேன்டீ குடிச்சுக் கதைச்சுப் பாருங்கோ, முக்கால்வாசிப் பேர் சொல்றது ஒரே கதைதான்: "லிப்ட் அடிச்சாப் பிறகு வண்டி இழுக்குதில்லை மச்சான், ஐஞ்சாவது கியர் போட்டா செத்துப்போகுது."

லிப்டுக்கும் இழுவைக்கும் நேரான சம்பந்தம் கிடையாது. வண்டியைத் தூக்கினா புரொப்பெலர் சாப்ட்டின்ர (கியர்பொக்ஸ் பக்கத்தில இருந்து அக்சிலுக்குப் போற தண்டு) சரிவு மாறும், அதால சிலவேளை ஒரு நடுக்கம் வரும், வளைவில கொஞ்சம் கூடச் சாயும், காத்தும் கூடப் பிடிக்கும். இழுவையைத் திண்டது டயர். சின்ன டயர் ஒரு சுத்துச் சுத்தினா போற தூரத்தை விட பெரிய டயர் ஒரு சுத்தில கூடத் தூரம் போகும், அந்தக் கூடின தூரத்துக்கான வேலையை அதே இஞ்சின்தான் செய்யவேணும், அதுக்கு மேல டயரின்ர பாரமும் கூடிப்போச்சு. லிப்ட் அடிச்சது பெரிய டயர் போடத்தான் எண்டபடியா ரெண்டும் ஒரே நாளில நடக்கும், பழி லிப்ட்டில விழும்.

டயருக்குப் போன இழுவையைத் திருப்பி எடுக்கிறதுக்கு ஒழுங்கான வழி டிபரன்சியல் (அக்சில் நடுவில இருந்து சாப்ட்டின்ர சுத்தைச் சில்லுக்குக் குடுக்கிற பல்லுப் பெட்டி) ரேஷியோவை மாத்துறது. டீசல் பம்பை ஏத்திவிடுறது, சைலன்சரைப் பெருப்பிக்கிறது எண்டு ஆக்கள் செய்யிற மத்த வேலையெல்லாம் கறுப்புப் புகைக்குத்தான் உதவும். இதை ஒருத்தருக்கும் சொல்லி விளங்கப்படுத்த ஏலாமப் போய்த்தான் இஞ்ச எழுதுறன், இனி யாரும் கேட்டா இதை அனுப்பிவிடலாம்.

என்ர வண்டி பழைய எல்என்106 மொடல் டொயோட்டா ஹைலக்ஸ். இஞ்சின்ர பேர் 3எல், அளவு 2.8 லீற்றர், டர்போ இல்லை, முன்னுக்கும் பின்னுக்கும் முழு அக்சில், இலை ஸ்பிரிங். இந்த இஞ்சினைப் பற்றி ஒரு விசயம் மனசில வைச்சுக்கொள்ளுங்கோ, பேந்து வரும்: இதின்ர ஆகக்கூடின டோர்க் (முறுக்கு விசை) 188 நியூட்டன் மீற்றர், அது வாறது நிமிசத்துக்கு 2,400 சுத்தில. பவர் 90 குதிரைக்குக் கிட்ட, அது 4,000 சுத்தில. அதாவது இது அடியில இழுக்கிற இஞ்சின் எண்டு எல்லாரும் சொன்னாலும், இப்பத்தய டர்போ டீசலோட ஒப்பிட்டா அடியில பெருசா ஒண்டும் இல்லை. பிறகு வந்த ஹைலக்ஸ் விகோவின்ர 3 லீற்றர் 1கேடி இஞ்சின் கிட்டத்தட்ட 1,400 சுத்திலயே 343 நியூட்டன் மீற்றர் குடுக்கும். அதால விகோக்காரன் 32 இஞ்சி டயர் போட்டுட்டு ஒண்டும் மாத்தாம ஓடுறான் எண்டு பாத்து பழைய 3எல் காரனும் அப்பிடி ஓடேலாது. ரெண்டும் ஹைலக்ஸ்தான், ஆனா ரேஷியோக் கணக்கில ரெண்டும் வேற வண்டி.

முதல் உங்கட வண்டியில என்ன ரேஷியோ கிடக்கு எண்டு தெரியவேணும். ரேஷியோ எண்டா டிபரன்சியலுக்குள்ள இருக்கிற கிரவுன் வீலின்ர (பெரிய பல்லுச் சில்லு) பல்லை பினியனின்ர (அதைச் சுத்துற சின்னப் பல்லுச் சில்லு) பல்லால பிரிச்சா வாற எண். பினியனில 10 பல், கிரவுனில 41 எண்டா 4.10. 43க்கு 10 எண்டா 4.30. 41க்கு 9 எண்டா 4.56. 39க்கு 8 எண்டா 4.88. 37க்கு 7 எண்டா 5.29. டொயோட்டா 8 இஞ்சி டிபரன்சியலுக்கு நாங்கள் தேடுற ஆக்கள் இவங்கள்தான். எண் கூடக்கூட இழுவை கூடும், அதே வேகத்துக்கு இஞ்சின் கூடச் சுத்தும்.

இஞ்சின் அறையில ஒரு தகடு இருக்கும், அதில அக்சில் கோட் அடிச்சிருக்கும், ஆனா நம்மட நாட்டில ஓடுற பழைய வண்டியில அந்தத் தகட்டை நம்பாதீங்கோ. முப்பது வருசத்துக்குள்ள ஆர் எந்த டிபரன்சியலைக் கழட்டி எதைப் போட்டான் எண்டு அந்தத் தகட்டுக்குத் தெரியாது. எண்ணிப் பாக்கிறதுதான் நிச்சயம், கழட்டத் தேவையில்லை. மட்டமான நிலத்தில நிப்பாட்டி முன் சில்லு ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை வையுங்கோ, நல்லா இறுக்கமா, ஏனெண்டா ஹேண்ட்பிரேக் பின் சில்லைத்தான் பிடிக்கும், அதை விட்டாத்தான் இந்த வேலை நடக்கும். கியர் நியூற்றல். பின் சில்லு ஒண்டை மட்டும் ஜக்கில தூக்கி ஸ்டாண்ட் வையுங்கோ, மத்தது நிலத்தில நிக்கட்டும். புரொப்பெலர் சாப்ட்டில சோக்கால ஒரு கோடு, சில்லில ஒரு கோடு. இப்ப தூக்கின சில்லை 20 சுத்து சுத்துங்கோ, ஒருத்தர் கீழ படுத்து சாப்ட் எத்தினை தரம் சுத்துது எண்டு எண்ணவேணும். ஒரு சில்லு அசையாம நிக்கேக்க மத்தச் சில்லு ரெண்டு சுத்துச் சுத்தினாத்தான் கிரவுன் ஒரு சுத்து சுத்தும், அதால 20ஐப் பாதியாக்கி 10 எண்டு எடுக்கவேணும். சாப்ட் 41 தரம் சுத்தினா 4.10. 43 எண்டா 4.30. 45, 46க்கு நடுவில நிண்டா 4.56. லொக்கரோ லிமிட்டட் சிலிப்போ (ரெண்டு சில்லையும் ஒண்டாச் சுத்தவைக்கிற சாமான்) போட்ட வண்டிக்கு இந்த வழி சரிவராது, அதுக்கு ரெண்டு சில்லையும் தூக்கி ரெண்டையும் ஒண்டா 10 சுத்துச் சுத்தி எண்ணவேணும்.

என்ரயில 41 வந்தது. 4.10.

இப்ப டயர்க் கணக்கு. வண்டியோட வந்த டயர் 205 ஆர் 16, அதின்ர உயரம் 29 இஞ்சிக்குக் கிட்ட. 33ஐ 29ஆல பிரிச்சு 4.10ஆல பெருக்குங்கோ, 4.67 வரும். சின்ன டயரில இருந்த அதே இழுவையும் அதே ஓட்டமும் திரும்பி வரவேணுமெண்டா 4.67 வேணும், ஆனா நாங்கள் தேடுற கிரவுன் பினியனுக்குள்ள அப்பிடி ஒண்டு இல்லை. ஒண்டில் 4.56, இல்லாட்டி 4.88. முழுச் சண்டையும் இந்த இடத்திலதான்.

சண்டைக்கு முதல் ஒண்டு சொல்லவேணும், டயரின்ர பக்கத்தில 33 எண்டு எழுதியிருந்தா அது 33 எண்டு அர்த்தமில்லை. 285/75 ஆர் 16ஐ எல்லாரும் 33 எண்டுதான் சொல்லுவாங்கள், கணக்குப் பாத்தா 32.8 வரும், வண்டியின்ர பாரம் ஏறினாப் பிறகு அதிலும் குறையும். 265/75 ஆர் 16 எண்டா 31.6. ரீபில்ட் டயர் எண்டா மேல் ரப்பரை எப்பிடி ஒட்டியிருக்கிறான் எண்டதைப் பொறுத்து. நிலத்தில இருந்து அக்சில் நடு மட்டும் டேப்பால அளந்து ரெண்டால பெருக்கினா வண்டி உண்மையில என்னத்தில ஓடுது எண்டு கிட்டத்தட்ட வரும். கணக்குக்குக் கடையில சொன்ன எண்ணை எடுக்காம இந்த எண்ணை எடுத்தா நல்லம், முக்கியமா ரெண்டு ரேஷியோவுக்கும் நடுவில விழுற ஆக்களுக்கு.

இனி இஞ்சின் சுத்து. கணக்கு லேசு: கிலோமீற்றர் வேகத்தை 5.3ஆல பெருக்கி, டயர் உயரத்தை மீற்றரில எடுத்துப் பிரிச்சா சில்லு ஒரு நிமிசத்தில எத்தினை சுத்து எண்டு வரும், அதை டிபரன்சியல் ரேஷியோவாலயும் கியர் ரேஷியோவாலயும் பெருக்கினா இஞ்சின் சுத்து. ஹைலக்ஸில ஐஞ்சாவது 0.85க்குக் கிட்ட. நம்மட நாட்டில எக்ஸ்பிரஸ்வேயை விட்டா ஊருக்கு வெளியில வேக எல்லை 70தானே, அந்த 70இல பாப்பம். பழைய டயரும் 4.10உம் எண்டா 1,750 சுத்து. அதே 4.10இல 33 டயரைப் போட்டா 1,540. 4.56 எண்டா 1,720, கிட்டத்தட்ட பழைய மாதிரி. 4.88 எண்டா 1,840. எக்ஸ்பிரஸ்வேயில 100இல போனா 4.88 உள்ள வண்டி 2,630 சுத்தும், 5.29 எண்டா 2,850.

இப்ப அந்த 2,400ஐ ஞாபகப்படுத்துங்கோ. 33 டயரும் 4.10உம் உள்ள வண்டி 70இல ஐஞ்சாவதில போகேக்க இஞ்சின் 1,540இல முனகிக்கொண்டு நிக்கும், டோர்க் வாற இடத்துக்கு இன்னும் 860 சுத்துக் கிடக்கு. சீனக்குடா தாண்டி கந்தளாய்ப் பக்கம் போகேக்க லேசா ஒரு ஏத்தம் வந்தாலோ, முன்காத்து அடிச்சாலோ, பின்னுக்கு லோட் இருந்தாலோ உடன நாலாவதுக்கு இறக்கவேணும். ஏ6 வீதி பெருசா ஏத்தமே இல்லாத வீதி, அதிலயே இந்தப் பாடு எண்டா கடுகண்ணாவ ஏத்தத்தை விடுங்கோ. ஆக்கள் என்ன செய்யினம் எண்டா, ஐஞ்சாவதை மறந்துட்டு நாலாவதிலயே கொழும்பு மட்டும் ஓடுறாங்கள். ஓடலாம், வண்டி உடையாது. ஆனா ஒரு கியரைச் சும்மா காவிக்கொண்டு திரியிறீங்கள், அதோட முதலாவது கியரில வெளிக்கிடேக்கயும் றிவர்ஸிலயும் கிளச் படுற பாடு அப்பிடியேதான் இருக்கும், அதுக்கு நாலாவது ஒண்டும் செய்யாது.

என்ர கூட்டாளி ஒருத்தன் 4.56 கட்சி. அவன்ர வாதம் பிழையெண்டு சொல்லமாட்டன். அவன் திருகோணமலையில இருந்து கிழமைக்குக் கிழமை கொழும்பு போய்வாற ஆள், வண்டி வெறுமையாத்தான் ஓடும், கடற்கரைக்கு எப்பவாவதுதான் இறங்கும். 4.56இல பழைய சுத்துக்குக் கிட்ட வருது, டீசலும் கூடக் குடியாது, பினியனில 9 பல் இருக்கிறபடியா 8 பல்லை விடக் கொஞ்சம் தடிப்பு. 2022இல கியூஆர் கோட்டைக் காட்டி கிழமைக்கு அளந்து டீசல் அடிச்ச காலத்தை ஆரும் மறக்கேல்லத்தானே, ஒவ்வொரு லீற்றரையும் எண்ணிப் பாக்கிற ஆளுக்கு இது நியாயமான தெரிவு.

ஆனா என்ர வண்டி செய்யிற வேலை வேற. குச்சவெளியில மச்சானுக்கு மீன்பிடி வாடி இருக்கு, அதால கரையில இருந்து மீன் பெட்டி ஏத்தி மேல ரோட்டுக்குக் கொண்டுவாறது, ஐஸ் கொண்டுபோறது, சிலநேரம் போட் இஞ்சின், வலை. சீசன் முடிஞ்சு மழை தொடங்கினா தம்பலகாமத்தில வயல் வேலை, பசளை மூட்டை, களிமண் பாதை. இடைக்கிடை ஏ15ஆல மூதூர், வெருகல் பக்கம். 2009இல கிண்ணியாப் பாலம் திறந்தாப் பிறகு அந்தப் பயணம் லேசு, அதுக்கு முதல் பாதைக்கு (வண்டியை அக்கரைக்கு ஏத்திப்போற மிதவை) காத்து நிண்ட கதை அந்தப் பக்கத்து ஆக்களுக்குத் தெரியும். மொத்தத்தில என்ர வண்டி 100இல ஓடுற நேரத்தை விட 20இல ஓடுற நேரம் கூட. அப்ப நான் ஏன் 100க்குக் கணக்குப் பாக்கவேணும்?

மணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும், ஏனெண்டா சேத்தில ஓடுறதுக்கும் கல்லில ஏறுறதுக்கும் எழுதின கணக்கைத்தான் எல்லாரும் பாத்துட்டு வாறாங்கள், நம்மட கரை அப்பிடி இல்லை. இரக்கக்கண்டியில இருந்து குச்சவெளி, புல்மோட்டை மட்டும் உலர்ந்த மணல், மேல் மணல் சீனி மாதிரி இளகிக்கிடக்கும், ஈரமான விளிம்பில ஓடினா இறுக்கம், ஆனா அலை வந்து அடியைக் கரைச்சுப்போட்டா வண்டி அங்கயே இருந்துவிடும். மணலில ஓட்டம் நிக்கக்கூடாது. மெதுவா ஊர்ந்து போற வேலை கல்லுக்குத்தான் சரி, மணலில அப்பிடிச் செய்தா சில்லு கிணறு தோண்டும். அதே நேரம் வேகமாப் போகவும் ஏலாது, பின்னுக்கு மீன் பெட்டி. தேவைப்படுறது 20, 25 கிலோமீற்றர் வேகத்தில இஞ்சின் அதின்ர டோர்க்கில நிண்டு, நாங்கள் கியரைத் தொடாமலே இழுத்துக்கொண்டு போறது. கியர் மாத்த கிளச்சை மிதிச்ச அந்த அரைச் செக்கனில மணல் வண்டியைப் பிடிச்சு நிப்பாட்டிப்போடும்.

அதைக் கணக்கில போட்டுப் பாருங்கோ. டிரான்ஸ்பர் (இழுவையை முன் அக்சிலுக்கும் பின் அக்சிலுக்கும் குடுக்கிற பெட்டி) லோ கியர் 2.28, மூண்டாவது கியர் 1.4க்குக் கிட்ட. 33 டயர், 4.88 எண்டா லோ மூண்டாவதில 2,400 சுத்துக்கு வேகம் 24. மணலுக்கு அளந்து வெட்டின மாதிரி. அதே இடத்தில 4.10 எண்டா 2,400 சுத்து வர 29 போகவேணும், லோட்டோட மேல் மணலில 29 பிடிக்கிறது கஸ்டம், அப்ப சுத்து விழும், இஞ்சின் மூச்சு வாங்கும், ரெண்டாவதுக்கு இறக்கவேணும், இறக்கிற நேரத்தில வண்டி நிக்கும். இந்த ஒரு இடத்துக்காகத்தான் நான் 4.88 பக்கம் சாய்ஞ்சது. கூட்டாளிமார் முதலாவது லோ கியரைப் பற்றித்தான் கதைப்பாங்கள், 3.93ஐ 2.28ஆலயும் 4.88ஆலயும் பெருக்கினா 43.7 வருது, 4.10இல 36.7தான் எண்டு. சரிதான், கல்லில ஏறுறவனுக்கு அது பெரிய விசயம். கன்னியாப் பக்கத்துப் பாறையில ஏறிப் படம் எடுக்கிற ஆக்களுக்கு உதவும். எனக்கு லோ மூண்டாவதுதான் கணக்கு.

அதோட, காத்தை இறக்காம மணலுக்கு இறங்கிட்டு ரேஷியோவைக் குறை சொல்லாதீங்கோ. 35 பிஎஸ்ஐ காத்தில கிடந்த டயரை 16, 18க்கு இறக்கினா வாற வித்தியாசம் எந்தக் கிரவுன் பினியனும் தராது, அதுக்கு ஒரு சதமும் செலவில்லை. திரும்பி ரோட்டுக்கு ஏறேக்க காத்தடிக்க ஒரு சின்னப் பம்ப் மட்டும் வேணும்.

35 டயர் போடப்போறன், 5.29 வைக்கட்டா எண்டு கேக்கிற தம்பிமாருக்கு: 3எல் இஞ்சினில 35 வேண்டாம். கணக்குப் பாத்தா 35ஐ 29ஆல பிரிச்சு 4.10ஆல பெருக்க 4.95 வரும், 5.29 போட்டா இழுவை மிச்சம்தான். ஆனா 5.29 பினியனில 7 பல்தான். கிரவுனின்ர அகலம் அதே 8 இஞ்சி, ரேஷியோ கூடவேணுமெண்டா பினியனைத்தான் சின்னனாக்கவேணும், பினியனின்ர தலை சிறுத்துச் சிறுத்து 7 பல்லில ஒரு எலுமிச்சங்காயளவுக்கு வந்துடும். பாரமான டயர், லோ கியர், லோட், சில்லு மணலில இருந்து திடீரெண்டு கல்லில பிடிக்கிறது எல்லாம் சேர்ந்தா முதல் போறது அந்தப் பல். டிபரன்சியலில ரேஷியோவைக் கூட்டினா கியர்பொக்ஸுக்கும் புரொப்பெலர் சாப்ட்டுக்கும் சுகம், அதே வேலைக்கு அதுகளில ஏறுற முறுக்கு குறையும், ஆனா அக்சில் சாப்ட்டும் முன் பக்கத்து ஜொயிண்டும் முதலை விடக் கூட முறுக்கு வாங்கக்கூடிய நிலைக்கு வந்துடும், ஆக்சிலேற்றரை மிதிக்கிற காலில கொஞ்சம் அறிவு வேணும். பிரேக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, 35 டயரை நிப்பாட்டுறது வேற செலவு.

31 டயர்காரருக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை. 4.10இல இருந்து கணக்குப் போட்டா 4.38 வருது, 4.30 உள்ள வண்டி கிடைச்சா அதிலயே ஓடலாம், இல்லாட்டியும் சமாளிக்கலாம். அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குங்கோ.

ரெண்டு டிபரன்சியலையும் மாத்தவேணும். இதில விட்டுக்குடுப்பு இல்லை. காசு பத்தாது, இப்போதைக்குப் பின்னுக்கு மட்டும் போடுவம், முன்னுக்கு அடுத்த வருசம் எண்டு வெளிக்கிட்ட ஒரு பொடியன்ர வண்டியை நான் பாத்தன். ஃபோர் வீல் போட்டா டிரான்ஸ்பருக்குள்ள முன் சாப்ட்டும் பின் சாப்ட்டும் ஒரே சுத்து, இடையில விட்டுக்குடுக்க ஒண்டும் இல்லை. முன்னுக்கு 4.10, பின்னுக்கு 4.88 எண்டா முன் சில்லு பின் சில்லை விட 19 வீதம் கூட ஓடப் பாக்கும். மணலில ஒண்டை ஒண்டு இழுத்துக்கொண்டு எப்பிடியோ போகும், ஆனா இறுக்கமான நிலத்தில அரைக்கத் தொடங்கும், டிரான்ஸ்பரோ சாப்ட்டோ எது பலமில்லையோ அது போகும். டூ வீலில மட்டும் ஓடுறன் எண்டா சரி, ஆனா அப்ப அது ஃபோர் வீல் வண்டி இல்லைத்தானே. 4.10க்கு 4.11 மாதிரி மயிரிழை வித்தியாசம் எண்டா பரவாயில்லை, ஒரு வீதத்துக்கு மேல போகக்கூடாது. முன் டயரும் பின் டயரும் ஒரே அளவா, ஒரே தேய்மானமா இருக்கவேணும் எண்டதும் இதே காரணத்துக்குத்தான்.

எல்என்106 காரருக்கு இதில ஒரு அதிஷ்டம், முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வகை டிபரன்சியல், ஹவுசிங்கில இருந்து முழுசாக் கழட்டி மேசையில வைச்சு வேலை செய்யலாம். பிறகு வந்த முன் சஸ்பென்சன் தனித்தனியா இருக்கிற மொடல்களில முன் டிபரன்சியல் வேலை ரெண்டு மடங்கு தொல்லை, கூலியும் அப்பிடித்தான். ஆனா எல்என்106இலயும் ஒரு சங்கதி இருக்கு. முன்னுக்கு அந்த டிபரன்சியல் திரும்பி நிக்கிறபடியா, வண்டி முன்னுக்குப் போகேக்க பல்லின்ர மத்தப் பக்கம்தான் பாரம் காவும், பின் டிபரன்சியலில றிவர்ஸ் போகேக்க வேலை செய்யிற அதே பக்கம். அந்தப் பக்கம் இயற்கையாவே பலம் குறைவு. அதால பழைய டிபரன்சியல் வாங்கினா நல்லதை முன்னுக்குப் போடுங்கோ, கிரவுன் பல்லின்ர ரெண்டு பக்கத்தையும் டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. கடைக்காரன் ஒரு பக்கத்தைத்தான் காட்டுவான்.

சாமான் தேடுறது எண்டா கொழும்பு பஞ்சிகாவத்தைதான், வேற எங்க. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025இல திரும்பித் திறக்கிற மட்டும் எல்லாரும் பழைய வண்டியைத்தானே திருத்தித் திருத்தி ஓடினவங்கள், அதால நல்ல பழைய சாமானுக்கு விலையும் ஏறிப்போச்சு, நல்லதும் குறைஞ்சுபோச்சு. ரெண்டு டிபரன்சியலும் ஒரே ரேஷியோவில சோடியாக் கிடைச்சா முழுசா வாங்கிறது நல்லம், திறந்து அளக்கிற வேலை மிச்சம். 4.56 அப்பிடித் தேடிப் பிடிக்கலாம். 4.88க்குப் பெரும்பாலும் புது கிரவுன் பினியன் செட்தான் வழி. வாங்கேக்க உங்கட டிபரன்சியல் நாலு சிலிண்டர் வகையா, வி6, டர்போ வண்டிக்கு வந்த வகையா எண்டு பாக்கவேணும், ரெண்டையும் 8 இஞ்சி எண்டுதான் சொல்லுவாங்கள், ஆனா மத்த வகையில பக்கத்துப் பேரிங் பெருசு, செட் ஒண்டுக்கொண்டு மாறாது. ஆர் என்ன சொன்னாலும் கடையில வைச்சே பல்லை எண்ணுங்கோ. 39, 8. பெட்டியில எழுதினதைப் பாத்துட்டு வந்து இஞ்ச கராஜில அண்ணாந்து நிண்டு பிரியோசனமில்லை, திரும்பக் கொழும்பு போகவேணும்.

பொருத்துறதுக்கு நான் நம்பின ஆள் கிண்ணியாவில ஒரு காக்கா (முஸ்லிம் ஆக்கள் அண்ணனைச் சொல்றது), லொறி டிபரன்சியலில வளர்ந்த கை. நான் ரேஷியோக் கணக்கெல்லாம் கொப்பியில எழுதிக்கொண்டு போய்க் காட்டினன், ஒரு பார்வை பாத்துட்டு, "தம்பி, கணக்கு சரி. பல்லு எப்பிடிக் கடிக்குதெண்டத நான் பாக்கன், நீங்க ஓயில வாங்கிட்டு வாங்க" எண்டு அனுப்பிவிட்டார். கிட்ட நிண்டு பாத்தா இந்த வேலை எவ்வளவு நுணுக்கம் எண்டு விளங்கும். பினியனுக்குப் பின்னால மெல்லிய சிம் தகடு, கடதாசித் தடிப்பு, அதைக் கூட்டிக் குறைச்சுத்தான் பினியன் உள்ளுக்கு எவ்வளவு நிக்குது எண்டு வைக்கிறது. பிறகு கிரவுனில நாலைஞ்சு பல்லுக்கு மஞ்சள் மை பூசி, ஒரு கையால கிரவுனை லேசாப் பிடிச்சு மத்தக் கையால பினியனைச் சுத்தினா, பல் கடிச்ச இடத்தில மை விலகி ஒரு அடையாளம் விழும். அடையாளம் பல்லின்ர உச்சிக்குப் போனா பினியன் வெளியில நிக்குது, அடிக்குப் போனா உள்ளுக்குப் போய்ட்டுது. காக்கா அந்த அடையாளத்தைப் பாத்து, கழட்டி, சிம் மாத்தி, திரும்பப் பூட்டி, திரும்ப மை பூசி, எனக்கு எப்பவோ சரியெண்டு பட்ட இடத்திலயும் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பக் கழட்டினார். முன் டிபரன்சியலுக்கு அவர் பல்லின்ர மத்தப் பக்கத்து அடையாளத்தைத்தான் கூட நேரம் பாத்தார், நான் சொல்லாமலே. அப்பதான் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறன் எண்டு நிம்மதி.

கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையில விடுற இடைவெளி 0.13 இல இருந்து 0.18 மில்லிமீற்றர், டயல் வைச்சு அளக்கவேணும், கையால ஆட்டிப் பாத்து "கிடக்குது, கிடக்குது" எண்டு சொல்ற ஆளிட்டக் குடுக்காதீங்கோ. பேரிங்கும் சீலும் புதுசாப் போடுங்கோ. பழைய பேரிங்கில புதுப் பல்லை ஏத்தி மிச்சம் பிடிச்ச காசு, வண்டி 60இல ஊளையிடத் தொடங்கேக்க போயிடும். கிரவுன் போல்டுக்கு லொக் பசை.

பூட்டினாப் பிறகு பொறுமை வேணும். ஓயில் ஜிஎல்-5, 80 டபிள்யூ 90. முதல் ஓட்டம் 25, 30 கிலோமீற்றர், வெறும் வண்டி, மெதுவா, பிறகு நிப்பாட்டி நல்லா ஆறவிடவேணும். காக்கா சொன்னபடி நான் கிண்ணியாவில இருந்து மூதூர்ப் பக்கமாப் போய் நிப்பாட்டி, ஹவுசிங்கில கை வைச்சுப் பாத்தன், சூடு இருந்தது, ஆனா கை வைச்சுக்கொண்டு இருக்கலாம். புதுப் பல் ஒண்டோட ஒண்டு பழகேக்க நல்லாச் சூடாகும், அந்த நேரத்தில லோட் ஏத்தினா பல்லின்ர மேல் தோல் வெந்துபோகும், பிறகு அந்தச் சத்தம் ஆயுளுக்கும் போகாது. ஒரு 800 கிலோமீற்றர் மட்டும் லோட் இல்லை, மணல் இல்லை, பிறகு ஓயிலை மாத்தவேணும். வடிச்ச ஓயிலில வெள்ளித்தூள் மினுங்கினா பயப்படாதீங்கோ, அது வரும். துண்டு வந்தாத்தான் பயம்.

இப்ப வண்டி எப்பிடி எண்டு கேட்டா, ஐஞ்சாவது கியர் திரும்பி வந்திருக்கு. ஏ6இல 70இல போகேக்க ஐஞ்சாவதிலயே நிக்குது, கந்தளாய்க்குப் போற வழியில கியரைத் தொடவே தேவையில்லை, லோட்டோட எண்டாலும். குச்சவெளியில பெட்டி ஏத்திக்கொண்டு லோ மூண்டாவதில ஏறேக்க இஞ்சினின்ர சத்தமே வேற, முக்கல் இல்லை. கிளச் மணம் இல்லை. நகைச்சுவை என்னெண்டா ஊருக்குள்ள டீசல் குடிக்கிறதும் குறைஞ்ச மாதிரித்தான் தெரியுது, முதல் ஒவ்வொரு சந்தியிலயும் மிதிச்சு மிதிச்சு எடுத்ததாலயாக்கும். கொழும்பு ஓட்டத்தில கொஞ்சம் கூடக் குடிக்குது, அதோட 100இல சத்தமும் கூட, பக்கத்தில இருக்கிற ஆளோட கதைக்கிறதெண்டா குரலை உயர்த்தவேணும். 4.56 கட்சிக்காரன் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறான். சிரிக்கட்டும், அவனுக்கு மீன் பெட்டி இல்லை.

வேகமீற்றரைப் பற்றிக் கனபேர் கேக்கினம். இந்த வண்டியில மீற்றர் கேபிள் டிரான்ஸ்பரில இருந்து வாறது, அதுக்கு டயரும் தெரியாது டிபரன்சியலும் தெரியாது. 33 டயரைப் போட்டுட்டு 4.10இல விட்டா மீற்றர் 70 காட்டேக்க நீங்கள் உண்மையில 80இல போறீங்கள், பொலிஸ் சீனக்குடாவில வேகம் அளக்கிற துவக்கை நீட்டிக்கொண்டு நிக்கேக்க "சேர், மீற்றர் 70தான் காட்டினது" எண்டு சொன்னா எழுதுறதை நிப்பாட்டமாட்டாங்கள். 4.88 போட்டாப் பிறகு 70 காட்டினா உண்மை 67. பிளாஸ்டிக் பல்லு ஒண்டை மாத்தி அதையும் சரியாக்கலாம், நான் மாத்தேல்ல, அந்த மூண்டு கிலோமீற்றர் அப்பிடியே கிடக்கட்டும்.